78 என்ற எண் உங்கள் மகனைப் பற்றி எவ்வளவு சொல்கிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மகனுக்கு 4 வயது 8 மாதம், பாலர் பள்ளியில் கே1, அதாவது முதல் வகுப்புக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் முதலாவது. வளர்ச்சித் தாமதம், மதியிறுக்கம் (ஆட்டிசம்) இரண்டும் முன்பே அறிக்கையில் இருக்கின்றன. இப்போது எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷனையும், அதாவது தன் கவனத்தையும் செயலையும் தானே கட்டுப்படுத்தும் திறனையும் பார்த்து, ‘பிரீஃப்-பி’ என்ற கேள்வித்தாளில் 78 என்றும், அட்டை பிரிக்கும் சோதனையை முடிக்க இயலவில்லை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சோதனை முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டில் நீங்கள் பேசுவது தமிழ். ரயில் பொம்மையோடு அரை மணி நேரம் அசையாமல் உட்காருகிற பிள்ளைக்கு இப்படி ஓர் எண் எப்படி வரும், மறுபடி சோதிக்கலாமா, தமிழை நிறுத்தச் சொல்கிறார்களே நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் தொடக்கநிலை 1 பற்றி ஒரு வார்த்தை வந்துபோகிறது. நீங்கள் கேட்க வந்ததே அதுதான் என்று எனக்குப் படுகிறது: அவன் எந்தப் பள்ளிக்குப் போவான் என்பதை இந்த எண் முடிவு செய்துவிடுமா? இந்த எண் மட்டும் அதைச் செய்யாது. ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் உளவியலாளர். இபிக் எனப்படும், சிறு பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்களிலும் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவிலுமாகப் பல ஆண்டுகளாக ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் மகனைப் பார்த்ததில்லை; அறிக்கையிலிருந்து நீங்கள் எடுத்துப் போட்ட இரண்டு வரிகள்தான் என்னிடம் இருக்கின்றன. அதனால் அவனைப் பற்றி முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வரிகள் எப்படி உருவாகின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்ல முடியும்.

ஒரு விஷயத்தைச் சிறிது நேரம் மனத்தில் பிடித்து வைப்பது, கை தானாகப் போகும்போது அதை நிறுத்துவது, ஒரு வழி பலிக்காவிட்டால் வேறு வழிக்கு மாறுவது: எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்று பெரும்பாலும் இந்த மூன்றைத்தான் சொல்கிறோம். பெரியவர்களிடம் இவற்றை ஓரளவு பிரித்துப் பார்க்க முடிகிறது. மூன்று, நான்கு வயதில் அவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை. அந்த வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஆராய்ந்த பல ஆய்வுகளில் எல்லாம் ஒரே கொத்தாகவோ இரண்டு கொத்தாகவோதான் வருகின்றன. ஆகவே, நான்கு வயதுப் பிள்ளையின் அறிக்கையில் ‘நினைவில் வைப்பது பலவீனம், மாறிக்கொள்வது சராசரி’ என்று கூறு போட்டு எழுதியிருந்தால் நான் அதைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இனி 78. இது நூற்றுக்கு 78 இல்லை. பெற்றோர் பலர் முதலில் அப்படி நினைத்து மகிழ்ந்துவிட்டு, பிறகு மனம் உடைகிறார்கள். பிரீஃப்-பி என்பது பிள்ளை உட்கார்ந்து செய்கிற சோதனையே இல்லை. 2003இல் அமெரிக்காவில் வெளியான 63 வரிக் கேள்வித்தாள்; 2 வயது முதல் 5 வயது 11 மாதம் வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை நன்கு அறிந்த ஒருவர் கடந்த ஆறு மாதத்தை நினைத்துப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் ‘இல்லை’, ‘சில நேரம்’, ‘அடிக்கடி’ என்று குறிக்கிறார். சராசரி 50. எண் ஏற ஏறச் சிரமம் அதிகம் என்று பொருள். 65க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 78 உயரமான எண்தான். அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் யாரோடு ஒப்பிட்டு உயரம் என்று பார்க்க வேண்டும். அதே வயதுள்ள, பெரும்பாலும் வளர்ச்சித் தாமதம் இல்லாத அமெரிக்கப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு வந்த எண் அது.

வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளை விஷயத்தில் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். உங்கள் மகனின் பேச்சும் புரிதலும் மூன்று வயது அளவில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பிள்ளை எதையும் பாதியில் விட்டுப் போகும், முறை வரும்வரை காத்திருக்காது, சொன்னதை மறக்கும். அப்படியிருக்க, நாலே முக்கால் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எண் உயரத்தான் செய்யும். அந்த 78க்குள் பொதுவான தாமதம் எவ்வளவு, அதற்கும் மேலாக இந்தத் திறனில் மட்டும் இருக்கும் சிரமம் எவ்வளவு என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. ஆய்வாளர்கள் இதைத் தாண்டுவதற்காக, ஒரே வயதுப் பிள்ளைகளை விட்டுவிட்டு, அறிவு வளர்ச்சியில் ஒரே நிலையில் இருக்கும் பிள்ளைகளோடு ஒப்பிடுவார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறு பிள்ளைகளிடம் நினைவில் வைப்பதும் திட்டமிடுவதும் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாகச் சறுக்குகின்றன என்பது இப்படித்தான் தெரியவந்தது. அறிக்கை எழுதும் நாங்களும் இந்த வேறுபாட்டை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்வதில்லை.

அந்தத் தாளை நிரப்பியது யார் என்று நீங்கள் எழுதவில்லை. சிங்கப்பூரில் இது சின்ன விஷயம் இல்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக, பகல் முழுக்கப் பிள்ளை பாட்டியோடோ பணிப்பெண்ணோடோ இருக்கிறது. பை, காலணி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வாசலில் தயாராக இருக்கும். சட்டைப் பொத்தானைப் பாட்டி போட்டுவிடுவார். கேட்பதற்கு முன்பே பிஸ்கட் வந்துவிடும். எதையும் நினைவில் வைக்க வேண்டிய தேவையே பிள்ளைக்கு வருவதில்லை. அந்த வீட்டில் தாளை நிரப்பினால் எண் தாழ்வாக வரும். இருபது பிள்ளைகள் இருக்கும் பாலர் பள்ளி வகுப்பில் ஆசிரியர் நிரப்பினால் அதே பிள்ளைக்கு எண் எகிறும். இருவருமே பொய் சொல்லவில்லை. இரண்டு தாள்களும் இருந்து, இடைவெளி பெரிதாக இருந்தால், எந்த ஓர் எண்ணையும்விட அந்த இடைவெளிதான் எனக்கு அதிகம் சொல்லும். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா, நிரப்பியவர் எல்லாவற்றையும் மோசமாகவே குறித்திருக்கிறாரா என்று பார்க்கவும் அந்தக் கேள்வித்தாளுக்குள்ளேயே இரண்டு அளவுகோல்கள் உண்டு. உங்கள் அறிக்கையில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அட்டை சோதனைக்கு வருகிறேன். அறைக்குள் நடப்பது இதுதான். மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் நீல முயல் படம், மற்றதில் சிவப்புப் படகு. பிள்ளையின் கையில் சிவப்பு முயல்களும் நீலப் படகுகளும் கொண்ட அட்டைகள். முதலில் நிற விளையாட்டு: சிவப்பெல்லாம் இங்கே, நீலமெல்லாம் அங்கே. ஆறு அட்டை முடிந்ததும் விதி மாறுகிறது: இனி உருவ விளையாட்டு, முயல் இங்கே, படகு அங்கே. ஒவ்வோர் அட்டைக்கும் விதியைத் திரும்பச் சொல்லிக் கொடுப்போம். வளர்ச்சித் தாமதம் இல்லாத மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ‘முயல் எங்கே போகும்?’ என்று கேட்டால் சரியாகக் காட்டுவார்கள். அட்டையைக் கையில் கொடுத்தால் பழையபடி நிறத்தைப் பார்த்தே போடுவார்கள். நான்கு, ஐந்து வயதில் பலருக்கு இது கைகூடிவிடும்.

இதில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, அவன் எந்த இடத்தில் நின்றான் என்பதை. முதல் விளையாட்டை ஒழுங்காக முடித்து, விதி மாறியதும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருந்தால், மாறிக்கொள்ளும் திறனைப் பற்றி அந்தச் சோதனை ஏதோ சொல்கிறது. முதல் விளையாட்டிலேயே தடுமாறியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை. நிறம் தெரியவில்லையா, ஆங்கிலம் புரியவில்லையா, முயல் படத்தை விட மனம் வரவில்லையா, அறையின் ஏர்கான் சத்தம் பிடிக்கவில்லையா, யாருக்குத் தெரியும்? ‘முடிக்க இயலவில்லை’ என்ற ஒரே வாசகம் இந்த இரண்டு நிலைமைகளையும் மூடி மறைக்கிறது. ஒரு பிள்ளை பூஜ்யம் எடுத்தால் ‘இந்தச் சோதனை இவனுக்குப் பெரியது’ என்று மட்டும்தான் நான் எழுதுவேன்.

இந்த வயதுச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை இது. தேக்கா சந்தையில் காய்கறியைக் கூடையோடு சேர்த்து எடை போட்ட மாதிரி, நாம் அளக்க நினைக்கும் திறனோடு வேறு நான்கு திறன்களும் தட்டில் ஏறிவிடுகின்றன. சூரியன் படத்தைக் காட்டினால் ‘இரவு’ என்றும் நிலா படத்துக்குப் ‘பகல்’ என்றும் சொல்ல வைக்கிற சோதனை பிரபலமானது. பேச்சு வராத பிள்ளைக்கு அது பயன்படாது. தலையைத் தொடச் சொன்னால் காலைத் தொட வேண்டும் என்ற விளையாட்டு, தசைத் தளர்ச்சி உள்ள பிள்ளைக்கு நியாயமில்லை. பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் காத்திருக்க வைக்கிற சோதனை, பரிசில் அக்கறையே இல்லாத மதியிறுக்கப் பிள்ளைக்கு அபாரமான மதிப்பெண்ணைக் கொடுத்துவிடும்! பேச்சு குறைவாக வேண்டியவையும் இருக்கின்றன. நான் ஒரு தட்டு தட்டினால் நீ இரண்டு தட்டு என்ற விளையாட்டு; கிண்ணங்களுக்கு அடியில் ஸ்டிக்கரை ஒளித்துத் தட்டைச் சுழற்றிவிட்டுத் தேட வைப்பது; பெரிய கட்டையைப் பெரிய வாளியில், சின்னதைச் சின்ன வாளியில் போட வைத்துவிட்டுப் பிறகு தலைகீழாக்குவது. கடைசியில் சொன்னது இரண்டு, இரண்டரை வயது அளவிலேயே வேலை செய்யும். உங்கள் மகனுக்கு அட்டை பலிக்கவில்லை என்றால் ஒரு படி இறங்கி இந்த மாதிரி ஏதாவது பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ரயில் பொம்மையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் சொல்லப் போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பிடித்த விஷயத்தில் அரை மணி நேரம் லயித்திருப்பது இந்தத் திறன் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. அங்கே பொம்மையே அவன் கவனத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அவன் முயன்று பிடிக்க வேண்டிய வேலை இல்லை. ‘சரி, ரயிலை வை, குளிக்கப் போகலாம்’ என்று நீங்கள் சொன்ன பிறகு வரும் ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள். வழக்கமான பேருந்து வராமல் வேறொன்றில் ஏற வேண்டியிருந்தால் என்ன ஆகிறது? மின்தூக்கிப் பொத்தானை வேறு யாரோ அழுத்திவிட்டால்? மதியிறுக்கப் பிள்ளைகளில் பலருக்கு இந்த மாறும் தருணம்தான் கடினம்.

கேள்வித்தாளும் மேசைச் சோதனையும் ஒன்றையே அளக்கின்றன என்று நினைப்பவர்கள் உண்டு. 2013இல் வந்த ஒரு மதிப்பாய்வு இருபது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவின் இடைநிலை மதிப்பு 0.19 அளவில்தான் இருந்தது (இரண்டும் முழுக்க ஒத்துப்போனால் அது 1 ஆக இருக்கும்). மிகக் குறைவு. அமைதியான அறையில், ஒரே ஒரு பெரியவர் எதிரில் இருந்து வழிநடத்தும்போது பிள்ளையால் என்ன முடியும் என்று சோதனை காட்டுகிறது. சத்தமும் சலனமும் உள்ள நாளில் என்ன செய்கிறான் என்று தாள் காட்டுகிறது. ஒன்று மற்றதை உறுதி செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிறு வயதில் இந்தத் திறன் நன்றாக இருந்தவர்கள் பின்னால் கணக்கிலும் வாசிப்பிலும் சற்று முன்னே நிற்கிறார்கள் என்பது ஓரளவு உறுதியான செய்தி, அதுவும் கூட்டமாகப் பார்க்கும்போது. ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தை அதைக் கொண்டு கணிப்பது வேறு. ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும், அப்படிக் காத்திருந்த பிள்ளைகள் பின்னால் நன்றாகப் படித்தார்கள் என்ற மார்ஷ்மெல்லோ சோதனை வாட்ஸ்ஆப்பில் இன்னமும் சுற்றி வருகிறது. 2018இல் அதைப் பெரிய அளவில் திரும்பச் செய்து, குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்தபோது அந்தப் பழைய தொடர்பு வெகுவாகச் சுருங்கிப்போனது.

மொழி. சோதனை ஆங்கிலத்தில் மட்டும் நடந்திருந்தால், அறிக்கையில் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை சோதிக்கும்போது விதியைத் தமிழில், அதுவும் வீட்டுப் பேச்சில் சொல்லிக் கொடுத்துப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் விழித்தவன் தமிழில் அட்டையை எடுத்துச் சரியாகப் போட்டால், அந்த ஒரு கவனிப்பு பத்து மதிப்பெண்ணுக்குச் சமம். தமிழ் பேசும் உளவியலாளர் கிடைப்பது இங்கே எளிதில்லை. நீங்களோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து, உளவியலாளர் சொல்வதை அப்படியே, கூடுதல் குறிப்பு எதுவும் கொடுக்காமல், சொல்ல ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

தமிழை நிறுத்த வேண்டாம். டவுன் சிண்ட்ரோம், மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், இரு மொழியில் வளர்வதால் அவர்கள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியதாகக் காணவில்லை. அந்த ஆய்வுகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்பதும் உண்மை. மறுபக்கம், இரு மொழி தெரிந்தால் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் கூர்மையாகும் என்று சொல்வதையும் நம்பி இருக்காதீர்கள். அது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. பாட்டி தமிழில்தான் பேசுவார், பிள்ளை பாட்டியோடு பேச வேண்டும். எனக்கு அந்தக் காரணமே போதும்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோதனைக்கு முன் காது, கண், தூக்கம் மூன்றையும் பார்த்தார்களா? நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் பிள்ளை பாதிச் சொல்லைக் கேட்காமலே இருக்கும். ‘கவனமில்லை’ என்று எழுதிவிடுவார்கள். இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் பகலில் எந்தத் திறனும் சரியாக வராது. சளிக்குக் கொடுத்த தூக்கம் வரும் மருந்தோடு காலையில் சோதனைக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. விளையாட்டின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல் இருந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால், அதைக் கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பின் ஒரு வகை அப்படித்தான் இருக்கும்.

எண்களைத் தள்ளி வைத்துவிட்டு நான் எதை நம்பி எழுதுகிறேன் என்று கேட்டால், எவ்வளவு உதவி கிடைத்தால் முடிகிறது என்பதைத்தான். நிலையத்துக்குப் பிள்ளை வரும்போது வாசலில் நின்று பார்ப்பேன். பையைக் கொக்கியில் மாட்ட வேண்டும், போத்தலைத் தட்டில் வைக்க வேண்டும், பாயில் போய் உட்கார வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் சிலர் முதலாவதைச் செய்துவிட்டு நின்றுவிடுவார்கள். சிலர் கடைசியில் கேட்டதை மட்டும் பிடித்துக்கொண்டு பையோடு பாயில் உட்கார்வார்கள். அப்போது உதவியை ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன். சுவரில் மூன்று படங்களை ஒட்டினால் போதுமா? ஒவ்வொரு படிக்கும் விரலால் காட்ட வேண்டுமா? கையைப் பிடித்துச் செய்விக்க வேண்டுமா? படம் ஒட்டியதும் ஒரு பிள்ளை தானே செய்துவிட்டால் அவனுக்கு விதி புரிகிறது, மனத்தில் தங்கவில்லை என்று தெரிகிறது. மறுநாள் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு வீட்டிலும் இப்படி ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்த நேரம், என்ன சொன்னீர்கள், எந்த உதவியில் முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு போனால் எந்த உளவியலாளரும் நன்றி சொல்வார்.

மறுபடி சோதிப்பதை உடனே செய்ய வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை இந்தத் திறன் வேகமாக மாறுகிறது. மூன்று மாதத்தில் அதே அட்டையைக் காட்டினால் பழக்கத்தால் வந்ததா வளர்ச்சியால் வந்ததா என்று சொல்ல முடியாது. அவன் கே2வுக்குப் போகும்போது பள்ளிச் சேர்க்கைக்காக எப்படியும் ஒரு முழு மதிப்பீடு தேவைப்படலாம். அப்போது சேர்த்துப் பார்ப்பதே நல்லது. சிறப்புக் கல்விப் பள்ளியா வழக்கமான பள்ளியா என்பதைப் பார்க்கும்போது சிந்தனைத் திறன், அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்ளும் திறன், மொழி, எவ்வளவு ஆதரவு தேவை என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். பிரீஃப்-பி எண் அதில் ஓர் ஓரத்துச் சான்று. 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. எந்தப் பள்ளியானாலும் அவன் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது சட்டமே சொல்வது.

இதற்கிடையில் ‘மூளைப் பயிற்சி’ என்று கணினி விளையாட்டுத் தொகுப்பை விற்க யாராவது வருவார்கள். பயிற்சி கொடுத்த விளையாட்டில் பிள்ளை தேறும். அந்தத் தேர்ச்சி வகுப்பறைக்கும் வீட்டுக்கும் பெரிதாக வந்து சேர்வதில்லை என்பதையே ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அந்தப் பணத்தைப் பேச்சுச் சிகிச்சைக்குச் செலவிடுங்கள்.

சோதித்தவரிடம் நான்கே கேள்வி கேளுங்கள்: தாளை நிரப்பியது யார், வேறு யாரிடமாவது வாங்கினீர்களா? அட்டை விளையாட்டில் முதல் விதியைத் தாண்டினானா? அவனுடைய பொதுவான வளர்ச்சி நிலையோடு ஒப்பிட்டாலும் இது தாழ்வுதானா? எந்த உதவி கொடுத்தபோது அவன் மேம்பட்டான்? தொலைபேசியில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலை அறிக்கையின் இணைப்பாக வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு மதிப்பீடு செய்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.